தண்ணி மாதிரித்தான் இருக்குதா? வெள்ளைத் தேயிலை பற்றி வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. ஆவணி விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு உறவுகள் நுவரெலியாப் பக்கம் போய்த் திரும்பும்போது வீட்டுக்கொரு சின்னப் பெட்டி வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் வெள்ளி மயிர் போர்த்திய நீள மொட்டுகள். ‘சில்வர் ரிப்ஸ்’ எனப்படும் வெள்ளைத் தேயிலை. விலையைக் கேட்டால் நெஞ்சு பதறுகிறது, குடித்தால் ஒன்றும் தெரியவில்லை என்பதே பல கடிதங்களின் சாரம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: வழமையாகத் தேத்தண்ணி போடுவதுபோல ஒரு தேக்கரண்டி போட்டு, கொதிதண்ணி ஊற்றி, இரண்டு நிமிடத்தில் வடித்தேன். சாயமே இறங்கவில்லை. வெறும் சுடுதண்ணி குடித்ததுபோல இருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: அப்படிச் சொல்ல இதுவரை ஒன்றும் இல்லை. நீங்கள் போட்ட அளவும் காத்திருந்த நேரமும் தூள் தேயிலைக்கு உரியவை. தூள் தேயிலையில் இலையை நசுக்கி, உருட்டி, நொறுக்கிவிடுகிறார்கள். சாறு முழுவதும் வெளியே வந்து தூளின் மேலேயே காய்ந்திருக்கும். தண்ணி பட்டதும் கரைந்துவிடும். வெள்ளைத் தேயிலையை உருட்டுவதும் இல்லை, நொறுக்குவதும் இல்லை. பறித்த மொட்டை வாட விட்டு உலர்த்துவதோடு வேலை முடிந்தது. தோலும் மயிரும் அப்படியே இருக்கிற மொட்டுக்குள் தண்ணி புகுந்து சாற்றை வெளியே கொண்டுவர நேரம் எடுக்கும்.

அளவைப் பாருங்கள். தூள் தேயிலையில் ஒரு தேக்கரண்டி இரண்டு கிராமுக்கு மேல் நிற்கும். மொட்டில் அதே கரண்டி ஒரு கிராமைக்கூட எட்டாது. அவ்வளவு பஞ்சு. ஆகவே கரண்டிக் கணக்கை மறந்துவிட்டு நிறையைப் பிடியுங்கள். நாளாந்தம் குடிக்க 150 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 80 முதல் 85 பாகைச் சூடு, மூடி போட்டு 6 நிமிடம். சுவையை ஆராய்ந்து பார்க்க என்றால் அதே தண்ணிக்கு 3 கிராம், 5 நிமிடம். தேயிலை வியாபாரத்தில் ருசி பார்ப்பதற்கென்று ஐ.எஸ்.ஓ. 3103 என்ற முறை இருக்கிறது. 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், நன்றாகக் கொதித்த தண்ணி, 6 நிமிடம். அது தேயிலைகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான முறை. இன்பமாகக் குடிப்பதற்கானது இல்லை.

மொட்டுகள் முதலில் மிதக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் சில நட்டமாக நிற்கும், பிறகு ஒவ்வொன்றாகத் தாழும். பாதியாவது தாழும்வரை வடிக்க வேண்டாம். நிறம் இளநீரை விடச் சற்று மஞ்சளாக, புது வைக்கோலின் வெளிறலாக இருந்தால் போதும். சாயம் ஏறட்டும் என்று காத்திருந்தால் பிழையாகிப்போகும். மேலே மிதக்கும் நுண்ணிய பஞ்சு தூசி இல்லை, மொட்டின் மயிர். வடியில் தங்காமல் இறங்கும், குடிக்கலாம்.

இன்னொன்று, இதை ஆற்றக்கூடாது. ஒரு முழ உயரத்திலிருந்து இழுத்து ஆற்றினால் பால் தேத்தண்ணிக்கு நுரை வரும், அழகுதான். இங்கே அந்த இழுப்பில் பறப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாசனை.

கேள்வி: வீட்டில் தராசு இல்லை. இரண்டு கிராமை எப்படி அளப்பது? (வாசகர், மல்லாவி)

பதில்: பெட்டியில் நிகர நிறை எழுதியிருக்கும். 20 கிராம் என்றால் முழுவதையும் ஒரு வெள்ளைக் கடதாசியில் கொட்டி இரண்டாக, பிறகு ஒவ்வொன்றையும் ஐந்தாகக் கண்ணளவில் பிரியுங்கள். ஒரு குவியல் இரண்டு கிராம். அதை உங்கள் கையில் எடுத்துப் பாருங்கள், ஐந்து விரலால் அள்ளும் ஒரு பிடிக்குக் கிட்ட இருக்கும். அடுத்த முறை கை தானாக அளக்கும். பிரித்த குவியல்களை உடனே பேணியில் போட்டு மூடிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணியில் போட்டால் வெள்ளைத் தேயிலை என்று சொன்னதே மண்ணிறமாகிவிடுகிறது. ஆறியதும் மேலே எண்ணெய் படர்ந்ததுபோல ஒரு ஆடை. யாழ்ப்பாணத்துத் தங்கைக்கும் இதே கதை. கொழும்பில் இருக்கும் மகன் போட்டால் பொன்போல வருகிறதாம். (வாசகி, நெடுங்கேணி)

பதில்: வன்னியில் வெள்ளைத் தேயிலை குடிக்க விரும்புகிறவர் தேயிலையைப் பற்றிப் படிக்குமுன் தன் கிணற்றைப் பற்றிப் படிக்க வேண்டும். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும் தண்ணிதான். கறுப்புத் தேயிலையும் சீனியும் பால்மாவும் தண்ணியின் குறையை மூடி மறைத்துவிடும். வெள்ளைத் தேயிலைக்கு அந்தப் பலம் கிடையாது.

பூநகரி, முழங்காவில் பக்கம் நிலத்தடி சுண்ணக்கல். வவுனியா, நெடுங்கேணிப் பக்கம் பாறை வெடிப்புகளில் தங்கிய தண்ணி. இரண்டிலும் கிணற்றுக்குக் கிணறு வேறுபட்டாலும் வன்தண்ணிதான் கூட. சவுக்காரம் நுரைக்க மறுப்பதும், கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிவதும் அடையாளம். இந்தத் தண்ணியிலுள்ள பைகாபனேற்று என்ற உப்பு தேத்தண்ணியைக் காரப் பக்கம், அதாவது புளிப்புக்கு எதிர்ப்பக்கம், தள்ளுகிறது. காரமான தண்ணியில் தேயிலைச் சாறு கறுத்து மண்ணிறமாகும். கல்சியம் அந்தச் சாற்றோடு சேர்ந்து, காற்றுப் படும் மேற்பரப்பில் ஆடையாகப் படியும். எண்ணெய் இல்லை. சந்தேகமென்றால் கோப்பையில் இரண்டு துளி தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள். நிறம் வெளிறி ஆடையும் உடைந்தால் குற்றவாளி தண்ணி. அந்தக் கோப்பை சோதனைக்கு மட்டும்தான், தேசிக்காய் விட்ட பிறகு ருசி பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

என்ன செய்யலாம்? தண்ணியைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி, அசையாமல் ஆற விடுங்கள். சுண்ணாம்பின் ஒரு பகுதி பொருக்காக அடியில் படியும். மேலே உள்ள முக்கால் பங்கை மெதுவாக வேறு பாத்திரத்தில் சரித்து எடுத்து, தேத்தண்ணிக்குத் திரும்பச் சூடாக்குங்கள். இது பைகாபனேற்றால் வரும் வன்மைக்கு மட்டும் பலிக்கும். உவர்த் தண்ணியின் உப்பு கொதிக்கக் கொதிக்க இன்னும் செறியும். புளோரைட்டும் அப்படியே, கொதித்தால் போகாது. வவுனியாப் பக்கம் புளோரைட் கூடிய கிணறுகள் இருப்பதால் அங்குள்ளவர்கள் இந்த முறையை நம்பிக் குடிக்க வேண்டாம், சுத்திகரித்த தண்ணியையே எடுங்கள்.

ஊருக்குள் இருக்கிற ஆர்.ஓ. நிலையத் தண்ணி, அதாவது மென்சவ்வால் வடித்து உப்பு நீக்கிய தண்ணி, இன்னொரு வழி. அதில் வேறு சிக்கல். உப்புகள் ஏறக்குறைய முழுவதும் நீங்கியிருந்தால் தேத்தண்ணி வெளிச்சமாக, அழகாக வரும். ஆனால் சுவை முன்னுக்குச் சுள்ளென்று வந்து உடனே அறுந்துவிடும், வாயில் தங்காது. கொஞ்சம் உப்பு வேண்டும். கொதிக்க வைத்துத் தெளிய விட்ட நல்ல கிணற்றுத் தண்ணி ஒரு பங்கு, ஆர்.ஓ. மூன்று பங்கு என்று கலந்து தொடங்குங்கள். ரி.டி.எஸ். மானி (தண்ணியில் கரைந்த உப்புகளை அளக்கும் கருவி) உள்ள வீடுகளில் 50க்கும் 100க்கும் இடையில் நிற்கும்படி கலக்கலாம். கிணறு புளோரைட்டுக்குப் பரிசோதிக்கப்படாதது என்றால் கலக்காமல் ஆர்.ஓ. மட்டும் எடுங்கள், அறுந்த சுவையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மாரியில் பிடித்த மழைத் தண்ணி மென்மையானது. முதல் இரண்டு மழைக்குக் கூரை கழுவுப்பட விட்டுவிட்டுப் பிடித்து, துணியில் வடித்து, கொதிக்க வைத்தால் ஆர்.ஓ.வுக்குப் பதிலாகப் பாவிக்கலாம். புதுச் சீமெந்துத் தொட்டியில் தேங்கியது என்றால் அது தொட்டியின் சுண்ணாம்பை வாங்கித் திரும்பவும் காரமாகியிருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளோரின் போட்ட கிணறு என்றால், அகலமான பாத்திரத்தில் ஓர் இரவு மெல்லிய துணி மூடி வைத்து, மறுநாள் மூடியில்லாமல் ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். குளோரின் மணம் ஒரு துளி இருந்தாலும் மொட்டின் பூவாசனை செத்துப்போகும்.

ஒருநாள் மூன்று கோப்பை வையுங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணி, ஒன்றில் ஆர்.ஓ., ஒன்றில் கலவை. தேயிலை, சூடு, நேரம் எல்லாம் ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்து, ருசி பாருங்கள். எந்தப் பெட்டி நல்லது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வோம். பெட்டியை மாற்றுவதைவிடத் தண்ணியை மாற்றினால் வித்தியாசம் பெரிது.

கேள்வி: 80 பாகை, 85 பாகை என்று எழுதுகிறீர்கள். வெப்பமானிக்கு நாங்கள் ஆசுப்பத்திரிக்கா போவது? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: ஆசுப்பத்திரி வெப்பமானி 42 பாகையோடு நின்றுவிடும், அதனால் அங்கும் பலன் இல்லை. கணக்கு இருக்கிறது. நம் ஊரில் ஆறவைத்த தண்ணி 30 பாகை அளவில் இருக்கும். கொதித்த தண்ணி நான்கு பங்குக்கு ஆறிய தண்ணி ஒரு பங்கு கலந்தால் 86. மூன்றுக்கு ஒன்று என்றால் 82 அல்லது 83. ஆறிய தண்ணியும் முன்பே கொதித்ததாக இருக்கட்டும். கலப்பதற்கு முன் பாத்திரத்தையும் கோப்பையையும் சுடுதண்ணியால் ஒருமுறை அலசுங்கள். தடித்த பீங்கான் குளிராக இருந்தால் அதுவே பத்துப் பாகை வரை குடித்துவிடும், உங்கள் கணக்கு 75க்கு இறங்கிவிடும்.

பெட்டியில் ‘கொதிதண்ணி ஊற்றவும்’ என்று எழுதியிருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் தண்ணி 94 பாகைக்கே கொதித்துவிடும். கிளிநொச்சியில் 100. அங்கே கொதிதண்ணியில் இதமாக வந்தது இங்கே கசப்போடு வருவதற்கு இது ஒரு காரணம். உடைந்த மொட்டும் துண்டு இலையும் கலந்த பெட்டியில் அந்தக் கசப்பு இன்னும் கூடத் தெரியும்.

காலையில் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்த தண்ணி சரியான சூட்டில் இருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். பிளாஸ்க்கின் மூடிக்கும் ரப்பருக்கும் பழைய தேத்தண்ணி, மல்லித் தண்ணி மணம் ஏறியிருக்கும். விறகடுப்பில் கொதிக்க வைப்பவர்கள் கேத்திலை மூடி வையுங்கள், மூக்கு வாயையும் ஒரு சிரட்டைத் துண்டால் அடையுங்கள். புகை தண்ணியில் இறங்கும்.

கேள்வி: பெட்டியில் தேன், பூ, முலாம்பழம் என்று அடுக்கியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன அளவில் போட்டும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் நாக்கில் குறையா? (வாசகி, முழங்காவில்)

பதில்: நாக்கில் குறையில்லை, பழக்கம் வேறு. கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணியில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் சீனியைக் கரைத்துக் குடித்தால் இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று பலருக்குச் சந்தேகம் வரும். இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட நம் வழமையான கோப்பை அதைவிட 13 மடங்கு இனிப்பு. வெள்ளைத் தேயிலையின் இனிப்பு அந்தச் சந்தேகத்துக்குரிய எல்லையில்தான் இருக்கிறது. நான்கைந்து நாள் காலையில் இந்தச் சீனித் தண்ணியையும் வெறுந் தண்ணியையும் மாறிமாறி ஒவ்வொரு மிடறு குடித்துப் பழகுங்கள். நாக்கு மெல்லியதைத் தேடத் தொடங்கும்.

நேரம் முக்கியம். காலை ஒன்பது, பத்து மணி நல்லது. பல் விளக்கி அரை மணியாவது கழியட்டும். கட்டைச் சம்பல், கருவாட்டுக் குழம்பு, ஒடியல் கூழ் சாப்பிட்ட இரண்டு மணித்தியாலத்துக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம். வெற்றிலை போடுகிறவர்கள் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட வீட்டில் அன்று மாலை ருசி பார்ப்பது வீண் வேலை. இடையில் வாயைத் துடைக்க இளஞ்சூட்டுத் தண்ணியும், வேண்டுமானால் ஒரு வாய் வெறும் வெள்ளைச் சோறும் போதும்.

உள்ளே வெள்ளையான பீங்கான் கோப்பை எடுங்கள். சில்வர் பேணி கையையும் உதட்டையும் சுடும், நிறமும் தெரியாது. கோப்பையைச் சூடாக்கித் தண்ணியை ஊற்றிவிட்டு, காய்ந்த மொட்டை அதற்குள் போட்டு அரை நிமிடம் மூடி வையுங்கள். மூடியைத் திறந்ததும் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் இரண்டு சின்ன மூச்சு. நீண்ட மூச்சு இழுத்தால் மூக்கு சீக்கிரம் களைத்துவிடும். பிறகு தண்ணி ஊற்றி, ஐந்து நிமிடத்தில் வடித்து, மூடியின் உட்பக்கத்தை மணந்து பாருங்கள். அடுத்ததாக ஊறிய மொட்டை. கோப்பையை மணப்பது கடைசியில்.

குடிக்க அவசரப்படாதீர்கள். 50, 55 பாகைக்கு ஆறட்டும், அதாவது கோப்பையைச் சுற்றிக் கையை வைத்துச் சங்கடமில்லாமல் பிடிக்கக்கூடிய சூடு. ஒரு கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுங்கள். பிள்ளைகளை அதட்டும் அதே சத்தம்தான், இங்கே மட்டும் அது முறை. காற்றோடு சேர்ந்து திவலையாகத் தொண்டையின் பின்புறம் படும்போது வாசனை உள்வழியாக மூக்கில் ஏறும். மூன்று விநாடி வாயில் உருட்டி, விழுங்கி, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். நம்பிக்கை வரவில்லையென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு விழுங்கி, பிறகு பொத்திய கையை எடுங்கள். எடுத்த கணத்தில் ‘வந்தது’ எதுவோ அதுதான் வாசனை. பொத்தியிருந்தபோதும் தெரிந்தது இனிப்பு, கசப்பு, துவர்ப்பு.

அரை நிமிடம் பொறுங்கள். நல்ல மொட்டு என்றால் அடிநாக்கில் மெல்லிய இனிப்பு பின்னால் வரும். கோப்பை இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு இன்னொரு முறை குடியுங்கள். சூடு குறையும்போது இனிப்பும் வழுவழுப்பும் இன்னும் தெளியும். குறைகளும் அப்போதுதான் வெளிவரும்.

பெட்டியில் உள்ள முலாம்பழத்தையும் வெளிநாட்டுப் பூக்களையும் தேடவேண்டாம். முகர்ந்தே பார்க்காத பூவை நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? உங்களிடம் உங்கள் மணங்கள் இருக்கின்றன. பங்குனி வெயிலில் வெடித்த வெள்ளரிப்பழம், சூடடித்த களத்து வைக்கோல், நுங்கு, இளநீர் வழுக்கை, வடித்த கஞ்சியின் ஆவி, ஊறப்போட்ட பயறு, வேப்பம்பூ, காட்டுத்தேன், பாலைப்பழத்தின் பிசுபிசுத்த இனிப்பு. இவற்றில் எது கிட்ட வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். வைக்கோலும் வெள்ளரிப்பழமும் பலருக்கு முதல் கோப்பையிலேயே பிடிபடும்.

குறைக்கும் பெயர் வையுங்கள். ஈரச் சாக்கு மணம் என்றால் தேயிலை ஈரம் வாங்கியிருக்கிறது. கருகல் என்றால் உலர்த்தும் சூடு கூடிவிட்டது. வெட்டிய பச்சைப்புல் என்றால் வாடியது போதாது. புளித்த மணம் என்றால் வாடும்போது காற்றோட்டம் இல்லாமல் குவிந்து கிடந்திருக்கிறது.

கேள்வி: எல்லாம் மனப்பிரமை, இரண்டு கோப்பையையும் கண்ணைக் கட்டிக் கொடுத்தால் உனக்குத் தெரியாது என்கிறார் என் கணவர். (வாசகி, மாங்குளம்)

பதில்: கட்டச் சொல்லுங்கள். இரண்டு வகைத் தேயிலையோ, ஒரே தேயிலையை இரண்டு தண்ணியிலோ போடுங்கள். அவர் உங்களுக்குத் தெரியாமல் மூன்று கோப்பை வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றே, மூன்றாவதில் மற்றது. வேறானது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். மூன்றும் ஒரே சூட்டில், ஒரே அளவில் இருக்கட்டும். நிறம் காட்டிக்கொடுக்கும் என்றால் கண்ணைக் கட்டத்தான் வேண்டும். வைக்கும் ஒழுங்கை ஒவ்வொரு தடவையும் மாற்றி ஐந்து தடவை செய்யுங்கள். ஊகித்துச் சொன்னால் மூன்றில் ஒன்று தற்செயலாகச் சரிவரும். ஐந்தில் நான்கு சரியாகச் சொன்னால் தற்செயல் என்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. மூன்று மட்டும் சரி என்றால் இன்னும் வழக்கு முடியவில்லை. பிறகு அவரையும் உட்கார்த்திவிட்டுப் பாருங்கள், அதில்தான் சுவாரசியம்.

கேள்வி: அம்மம்மா மலையகத்தில் கொழுந்து எடுத்தவர். எழுபத்தேழில் இங்கே வந்து குடியேறினோம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுத்த கதை சொல்லுவார், மொட்டை மட்டும் எடுத்ததாகச் சொன்னதில்லை. இது எப்படி வேறு? ஏன் இந்த விலை? (வாசகர், பாரதிபுரம்)

பதில்: செடி ஒன்றுதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட அதே தேயிலை இனம். அம்மம்மா எடுத்த கொழுந்து மடுவத்தில் நிறுத்து, தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டு, சூட்டில் உலர்த்தியது. காற்றுப்படும் அந்தக் கட்டத்தில்தான் பச்சை கறுப்பாகிறது, சாயமும் கறுப்புத் தேயிலைக்குரிய சுவையும் பிறக்கின்றன. வெள்ளைத் தேயிலைக்கு விரியாத மொட்டை மட்டும் கையால் கிள்ளி, உருட்டாமல், மெதுவாக வாட விட்டு உலர்த்துகிறார்கள். சீனாவின் பூஜியன் மாகாணத்தில் வளர்ந்த முறை இது. அங்கே மொட்டோடு இளம் இலையும் சேர்ந்த வெள்ளைத் தேயிலையும் உண்டு. அது கொஞ்சம் கனத்த சுவை, விலையும் இறக்கம். நம் நாட்டில் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 2043ஆம் இலக்க வகை, மொட்டில் மயிர் அடர்ந்திருப்பதால் இதற்குப் பேர்போனது.

விலைக்குக் காரணம் கை. நாலு கிலோவுக்கு மேல் பச்சை மொட்டு காய்ந்து ஒரு கிலோவாகும். ஒரு மொட்டின் நிறை எவ்வளவு என்று அம்மம்மாவைக் கேட்டுப் பாருங்கள். முழுக் கொழுந்தில் ஒருநாளில் நிறைகிற கூடை, மொட்டில் அடி மறைவதோடு பொழுது சாய்ந்துவிடும். அந்த விலையில் எவ்வளவு கிள்ளிய கைக்குப் போகிறது என்பது வேறு கேள்வி, அதை நீங்கள் கேட்காவிட்டாலும் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

வாங்கும்போது பெட்டியில் சிங்க இலச்சினை இருந்தால் அது முழுவதும் இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று பொருள். உள்ளே மொட்டுத்தானா என்பதற்கு உங்கள் கண்தான் சாட்சி. நீளம் ஒத்த, உடையாத, சாம்பல் கலந்த வெள்ளி நிற மொட்டுகள் நல்லவை. கறுத்த துண்டு, காம்பு, அடியில் தூள் கூட இருந்தால் பேரத்தைக் குறையுங்கள். மல்லிகை, வனிலா மணம் தூக்கலாக வந்தால் அது வாசனை சேர்த்த தேயிலை. பிழையில்லை, ஆனால் மொட்டின் சுவை பழக அது உதவாது.

கேள்வி: வெள்ளைத் தேத்தண்ணி என்றதும் மாமி பால்மா கரைத்துவிட்டார். சரிதானா? (வாசகி, செட்டிகுளம்)

பதில்: மாமி மேல் பிழையில்லை, பெயரில்தான் பிழை. பாலிலுள்ள புரதம் தேயிலைச் சாற்றைப் பிடித்துக்கொள்ளும், பால்மாவின் மணம் மிச்சத்தை மூடிவிடும். சீனியும் வேண்டாம். வெறுமனே குடிக்க முடியாதவர்கள் பனங்கற்கண்டு ஒரு சின்னத் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம், அதுவும் இரண்டாவது கோப்பைக்கு. பனங்கட்டி வேண்டாம், அதன் வாசனை தேத்தண்ணியைத் தின்றுவிடும்.

கேள்வி: இரண்டு மாதம் குசினி அலுமாரியில் வைத்திருந்தோம். இப்போது ஏதோ மாசிக்கருவாடு போல மணக்கிறது. வெயிலில் காயவைக்கலாமா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: காயவைத்தாலும் ஏறிய மணம் இறங்காது. வெயில் மிஞ்சிய வாசனையையும் கொண்டுபோகும். உலர்ந்த தேயிலை பக்கத்தில் இருப்பதை எல்லாம் உறிஞ்சும். மிளகாய்த் தூள், கருவாடு, மண்ணெண்ணெய், சவுக்காரம், நப்தலின் உருண்டை எதற்கும் கிட்ட வைக்கக்கூடாது. பழைய பால்மாப் பேணியும் கோப்பிப் போத்தலும் கழுவினாலும் ஆகாது. ஈயத்தாள் உறையோடு, காற்றை அமர்த்தி வெளியேற்றி, இறுக்கமான தகரப் பேணிக்குள் போட்டு, அறையில் இருட்டான இடத்தில் வையுங்கள். அடுப்புக்கு மேல் தட்டு மிக மோசமான இடம்.

மார்கழி ஈரக்காற்றில் பேணியைத் திறந்து வைத்தபடி கதை பேசினாலே போதும், மொட்டு ஈரம் வாங்கிவிடும். விரலால் முறித்தால் ‘சட்’டென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம். கிழமைக்குத் தேவையானதைச் சின்னப் பேணிக்கு எடுத்துவிட்டுப் பெரியதைத் திறக்காமல் வைப்பது நல்லது. பிரிட்ஜில் வைத்து எடுத்து உடனே திறந்தால் குளிர்ந்த தேயிலையில் வியர்வை பூக்கும். அதனால் அங்கே வைக்காமல் விடுவதே சுகம்.

கேள்வி: வெள்ளைத் தேயிலையில் கஃபீன் இல்லை, இரவில் குடிக்கலாம், உடம்பு இளைக்கும் என்கிறார்களே? (வாசகி, பூநகரி)

பதில்: கஃபீன் இருக்கிறது. முற்றிய இலையைவிட மொட்டில் அது கூட. முழு மொட்டாக, சூடு குறைந்த தண்ணியில் ஊறுவதால் மெதுவாக இறங்குகிறது, அவ்வளவுதான். தேத்தண்ணி குடித்தால் தூக்கம் போகிறவர்களுக்கு இதிலும் போகும். உடம்பு இளைக்கும் கதையை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம். இரத்தச்சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பாட்டோடு எந்தத் தேத்தண்ணியையும் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதை அது குறைக்கும். சிறுநீரக நோயாளர் ஒருநாளில் எவ்வளவு தண்ணி குடிக்கலாம் என்பதை வைத்தியர் சொல்லியிருப்பார். இந்தக் கோப்பையும் அந்தக் கணக்குக்குள்தான்.

கேள்வி: வளவில் இரண்டு தேயிலைக் கன்று நட்டால் வருமா? (வாசகர், வவுனியா)

பதில்: தேயிலைக்குப் புளிப்பு மண்ணும் ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும் மழையும் வேண்டும். நமக்கு மாரியில் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் காய்கிறது, சுண்ணாம்புக் கிணற்றால் இறைத்தால் மண் இன்னும் காரமாகும். தொட்டியில் அழகுக்கு வளர்க்கலாம், மழைத் தண்ணி ஊற்றி. கோப்பைக்கு மொட்டு எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: சோளகம் வீசுகிற வெக்கையில் சுடச்சுடக் குடிக்க மனமில்லை. குளிராகப் போடலாமா? ஒருமுறை பாவித்த மொட்டை எறிய மனம் வரவில்லை. (வாசகி, விசுவமடு)

பதில்: வெள்ளைத் தேயிலைக்குக் குளிர் ஊறல் மிகப் பொருந்தும். கொதித்து ஆறிய 500 மில்லிலீற்றர் தண்ணிக்கு 5 கிராம், கண்ணாடிப் போத்தலில் மூடி, பிரிட்ஜில் 6 முதல் 8 மணித்தியாலம். இரவு வைத்தால் காலையில் வடிக்கலாம். துவர்ப்பு மிகக் குறைவு, இனிப்பு முன்னால் நிற்கும், வெள்ளரிப்பழ மணம் நன்றாகத் தெரியும். மேசையில் வைத்து ஊறவிட வேண்டாம், நம் ஊர்ச் சூட்டில் கெட்டுவிடும். ஐஸ் கட்டி போட்டால் சுவை தண்ணியாகிவிடும், அதுவும் கிணற்றுத் தண்ணி ஐஸ் என்றால் கலங்கும். வடித்ததை அன்றைக்கே குடித்து முடியுங்கள்.

சூட்டில் போட்டது என்றால் ஒரே மொட்டு மூன்று தடவைக்குத் தாங்கும். முதல் தடவை 5 நிமிடம், இரண்டாவது 7, மூன்றாவது 10, ஒவ்வொரு தடவையும் தண்ணியின் சூட்டைக் கொஞ்சம் கூட்டி. பலருக்கு இரண்டாவது கோப்பைதான் பிடிக்கிறது, மொட்டு அப்போதுதான் நன்றாக நனைந்திருக்கும். இடையில் வடியை மூடி வையுங்கள், ஈரமொட்டை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம். மூன்றாவது வடித்த பிறகு ஒரு மொட்டை எடுத்து மென்று பாருங்கள். இன்னும் இனிப்பு இருந்தால் நான்காவது தடவைக்குத் தண்ணி கொதிக்க வைக்கலாம். இல்லையென்றால் கறிவேப்பிலை மரத்தடிக்கு.